கூப்பிட்டால் திரும்புகிறாளா

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம். உன் சளி விட்டதா, அத்தானின் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்று எழுது.

என் காது அப்படியேதான். போன வாரம் நீ போனில் பேசியதில் எனக்குக் கேட்டது முதலில் சொன்ன ஹலோவும் கடைசியில் சொன்ன "வைக்கிறேன்டா"வும்தான். நடுவில் நீ கத்தியது எதிர் வீடு வரைக்கும் போய், மறுநாள் அந்த மனிதர், "யாருக்குங்க அத்தானுக்கா முழங்கால்ல ஊசி?" என்று விசாரித்தார். ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு இனிமேல் தபால்தான் தோது. மெசேஜ் அடி என்பாய். என் விரல் தடிமனுக்கு ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது.

புது வீடு ஆறாவது மாடியில். சமையலறை சின்னது, ஜன்னல் பெரியது. லிப்ட் இருக்கிறது. அதில் ஒரு பெண் குரல், "கதவு மூடுகிறது. விலகி நிற்கவும்" என்று சொல்லும். சிட்டுவுக்கு அந்தக் குரலை ரொம்பப் பிடித்துவிட்டது. அதே ராகம், நடுவில் அதே நிறுத்தம். வீட்டுக்குள் எந்தக் கதவைச் சாத்தினாலும், "கதவு மூடுகிறது. விலகி நிற்கவும்." இரண்டரை வயதில் இவ்வளவு தெளிவாக யார் பேசுகிறார்கள் சொல்! அப்பா என்று கூப்பிட மட்டும் இன்னும் மனசு வரவில்லை. கேட்டால் என் வீட்டுக்காரி, "உங்களுக்குத்தான் காது கேக்காதே, கூப்பிட்டு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டா" என்கிறாள்.

டி.வி.யில், பிள்ளைகளைப் பரிசோதிக்கிற உங்கள் ஆபீஸைப் பற்றித்தான் பேச்சு. ஐந்து வருஷத்தில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்த பிள்ளைகள் மூன்று மடங்காம். பத்திரிகையில் இருக்கிற என் மச்சான் அதைப் பற்றித் தொடராகவே எழுதுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர், "மாப்ளே, நம்ம காலத்துல இதெல்லாம் எங்க இருந்துச்சு? எங்க தாத்தா நாலு வயசு வரைக்கும் வாயைத் தொறக்கல. அப்புறம் தொறந்தவரு சாகுற வரைக்கும் மூடல. அவருக்கு யாரு சர்டிபிகேட் குடுத்தா?" என்றார். அவர் தங்கை, அதாவது இவள், சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். நான் உன் பக்கம்தான் பேசினேன், நம்பு.

சித்தி மகள் வீட்டு விஷயத்துக்குப் பிறகு நீ எல்லோர் முன்னாலும் சத்தியம் பண்ணியது ஞாபகம் இருக்கிறதல்லவா? ஆபீஸ் கண்ணை ஆபீஸ் மேசையிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவேன், நம் குடும்பத்துப் பிள்ளைகளை அத்தை கண்ணால் மட்டும் பார்ப்பேன் என்று. அந்தக் கண்ணோடு சீக்கிரம் வந்து என் பெண்ணைப் பார்.

உன் தம்பி

*

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. சளி விட்டது, இருமல் மிச்சம். அத்தானுக்கு ஊசி போட்டபின் மாடி ஏறுகிறார், இறங்கத்தான் பயப்படுகிறார். உனக்குத் தலைசுற்றல் திரும்ப வந்ததா? காதுக்காரர்களுக்கு அது வரும்.

மூன்று மடங்கு என்பது உண்மை. ஏன் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. முன்பும் இந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். மந்தம், பிடிவாதம், செல்லம் கொடுத்துக் கெட்டது என்று வேறு பெயரில் வீட்டுக்குள் இருந்தார்கள். பெண் பிள்ளைகளை நாங்களே சமீபம் வரை சரியாகப் பார்க்கவில்லை. கூச்ச சுபாவம் என்று எழுதி அனுப்பினோம். தப்பும் நடந்திருக்கிறது. ஒரு தனியார் மையத்தில் பிள்ளை ஷூவைக் கழற்றுவதற்குள் கையெழுத்துப் போட்டதை நானே அறிவேன். அவர்களை விசாரிக்கட்டும், நல்லதுதான். மச்சானிடம் சொல், ஒருநாள் வந்து என் அறையில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு தாழ்ந்த மேசை, சின்ன நாற்காலிகள், மரக் கோப்பைகள், ஒரு பொம்மை, சுவரில் கண்ணாடி. வேறு ஒன்றும் கிடையாது.

சிட்டுவின் லிப்ட் பேச்சை அத்தானிடம் நடித்துக் காட்டினேன், சிரித்தார்.

அத்தைக்கு எல்லாம் தெரியவேண்டும், அதனால் கேட்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? உன் காது வம்சமாக இருந்துவிடப் போகிறது. எதற்கும் ஒரு தடவை காதைப் பார்த்துவிடு, தள்ளிப் போடாதே. ஆகாயத்தில் விமானம் போனால் விரல் நீட்டி உனக்குக் காட்டுகிறாளா? ஏதாவது பிடித்த சாமான் கிடைத்தால் ஓடி வந்து, பாரு என்று நீட்டுகிறாளா? நீ அந்த வயதில் செத்த வண்டு முதற்கொண்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து என் மூக்கின் முன்னால் நீட்டுவாய்.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தலைசுற்றல் இல்லை. அத்தானைப் பக்கவாட்டில் இறங்கச் சொல், எங்கள் போர்மேன் அப்படித்தான் இறங்குகிறார்.

நல்ல செய்தி. காது பார்த்தாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு அறை, சிட்டு இவள் மடியில். ஒரு பக்கம் சத்தம் வரும், அந்தப் பக்கம் திரும்பினால் குரங்குப் பொம்மைக்கு விளக்கு எரியும். எனக்குச் சுத்தமாகக் கேட்காத சத்தத்துக்கெல்லாம் சிட்டு டக் டக்கென்று திரும்புகிறாள். பரிசோதித்த பெண், "பாம்புச் செவி சார் உங்க பாப்பாவுக்கு. ஒரு குறையும் இல்ல" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் காது என்னோடு போகட்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன்!

ஆக, கூப்பிட்டால் திரும்பாதது காதால் இல்லை, திமிரால். அப்பனை மதிப்பதில்லை. சிப்ஸ் பாக்கெட்டை அடுத்த அறையில் பிரித்தால் வந்து நிற்கிறாள்.

விரல் நீட்டுவதெல்லாம் கிடையாது. அவளுக்கு எதுவும் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் கையை அந்தச் சாமான் மேல் வைக்கிறாள். முகத்தைப் பார்க்கக்கூட மாட்டாள். நான் டூல் பெட்டியிலிருந்து ஸ்பானர் எடுப்பேனே, அது மாதிரி. மெக்கானிக் மகள் என்று நான் சொல்லிச் சிரிப்பேன். கொண்டுவந்து காட்டுவதும் இல்லை. தன் சாமானைத் தானே பார்த்துக்கொள்வாள். மணிக்கணக்கில் ஜன்னல் ஓரம், ஒரு சத்தம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரம்மா, "உங்க வீட்ல குழந்தை இருக்கறதே தெரியலையே, என்ன சமத்து!" என்கிறாள். அவள் வீட்டுப் பையன் போடும் கூச்சல் எனக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதம். இரண்டு மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன், ஏதாவது வேலை வந்துவிட்டது. இருமல் நின்றுவிட்டது. அத்தான் பக்கவாட்டில்தான் இறங்குகிறார், போர்மேனுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

காது நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்.

ஆபீஸுக்கு விசாரணைக் குழு வந்திருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். ஒரு கணக்குப் பேராசிரியர், ஒரு சங்கத் தலைவர் உறுப்பினர்கள். நல்ல மனிதர்கள்தான், மரியாதையாகப் பேசுகிறார்கள். பிள்ளைகளை யாரும் பார்க்கவில்லை. கோப்புகளைத்தான் பார்க்கிறார்கள். இந்த வருஷம் ஏன் இவ்வளவு, போன வருஷம் ஏன் அவ்வளவு என்பதுதான் கேள்வி.

சிட்டுவுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். மரக் கோப்பைகளும் ஒரு கெட்டிலும் இருக்கும். நீ குடிப்பது போல நடி, அவளிடம் கொடு. உனக்கு டீ ஊற்றித் தருகிறாளா, பொம்மைக்குக் குடிக்கக் கொடுக்கிறாளா என்று பார்த்து எழுது. கூட ஒரு சோப்புக் குமிழிப் புட்டி. அதை இப்படி விளையாடு. தரையில் அவளுக்கு எதிரே உட்கார். அவள் முகமும் உன் முகமும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். நாலு குமிழி ஊதிவிட்டு நிறுத்திவிடு. ஒன்றும் பேசாதே. காத்திரு. அவள் உன்னைப் பார்த்த மறுநொடி ஊது. தினமும் செய். வேலைக் களைப்பு என்று விட்டுவிடாதே.

ஜூலையில் லீவு போட்டு மூவரும் வாருங்கள். என் ஆபீஸையும் காட்டுகிறேன். பொம்மைகள் இருக்கின்றன, சிட்டுவுக்குப் பொழுது போகும்.

உன் அக்கா

*

மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் நலம். அத்தானுக்கு வணக்கம்.

பார்சல் வந்தது. டீ ஊற்றுகிறாளா என்று கேட்டாயே, அவளாவது! கோப்பைகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைக்கிறாள். நடுவில் ஒன்றை நான் எடுத்துக் குடிப்பது போலப் பாவனை செய்தால் வீடே இரண்டுபடுகிறது. திரும்ப அதே இடத்தில் வைத்தால்தான் அழுகை நிற்கும். பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து அதன் கண் மூடித் திறப்பதைப் பார்க்கிறாள்.

ஆனால் குமிழி! அக்கா, அதைக் கேள். முதல் வாரம் என்னைச் சுவராகத்தான் பாவித்தாள். குமிழியை ஊதும் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். நேற்று வேலை முடிந்து வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். ஊதினேன், நிறுத்தினேன். அவள் வளையத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். நேராக என் கண்ணை. எனக்கு ஊதவே மறந்துவிட்டது. இவள் சமையலறையிலிருந்து, "ஊதுங்க, ஊதுங்க" என்று கத்தினாளாம். எனக்குக் கேட்கவில்லை.

இத்தனை நாள் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். இவளிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதம் நர்சரியில் சேர்க்கிறோம். டீச்சர் கெட்டிக்காரியாகத் தெரிகிறார். உன் விளையாட்டுகளை அவருக்கும் சொல்லப் போகிறேன். ஜூலை வரவைப் பற்றி லீவு கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

தம்பி

*

ஜூன் 21

அக்கா,

நர்சரி டீச்சரிடம் உன் கடிதங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். எங்க அக்கா எவ்வளவு யோசிச்சு விளையாட்டுச் சொல்லிக் குடுக்குறாங்க பாருங்க என்று பெருமையாகத்தான் காட்டினேன். அவர் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், இது விளையாட்டு இல்ல. கூப்பிட்டா திரும்புதா, விரல் நீட்டுதா, டீ ஊத்துதா... இதெல்லாம் சென்டர்ல கேக்குற கேள்விங்க. உங்க அக்காவே டெஸ்ட் பண்ணிட்டாங்களா? என்ன வந்துச்சு?" என்றார். பின்னால் இரண்டு தாய்மார்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

என்ன வந்துச்சு அக்கா?

நான் சிரித்துச் சிரித்து எழுதிய ஒவ்வொரு வரியையும் நீ மேசையில் வைத்து மார்க் போட்டுக்கொண்டிருந்தாய். ஸ்பானர் என்று எழுதினேனே, அதற்கு எத்தனை மார்க்? காது நன்றாக இருக்கிறது என்று அழுதுகொண்டு எழுதினேன். "சந்தோஷம்" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினாய். அப்போதே எனக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

நீ சத்தியம் பண்ணினாய். சித்தி மகள் இன்றைக்கும் உன் பெயர் எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். அவள் வீட்டோடு விடாமல் இப்போது என் வீட்டுக்குத் தபாலில் வந்துவிட்டாய்.

இவள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. "அண்ணிக்கு எம்பொண்ண ஒரு தடவைகூடத் தூக்கி வெச்சுக் கொஞ்சத் தெரியல, கேள்வி மட்டும் கேக்கத் தெரிஞ்சுதா?" என்றாள். மச்சான் கடிதங்களை வாங்கிப் படித்தார். "இதைத்தான் மாப்ளே நான் ஒரு வருஷமா எழுதிட்டிருக்கேன்" என்றார்.

குமிழிப் புட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன். ஜூலையில் வரவில்லை.

*

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன். உன் வீட்டுக்காரி சாப்பிட்டாளா?

ஆமாம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நேராகக் கேட்டிருந்தால் உன் இரண்டாவது கடிதமே வந்திருக்காது. சித்தி மகளிடம் நேராகச் சொல்லிப் பார்த்தவள் நான். அவள் பையனுக்கு இப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் போவதில்லை. வீட்டு முன்னறையில் இருக்கிறான்.

மார்க் போடவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒவ்வொரு தடவையும், இது வேறு ஏதாவது ஒன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன். காதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். காதாக இருந்திருந்தால் மிஷின் வைக்கலாம்.

என்ன வந்தது என்று கேட்டாய். கடிதத்தில் ஒன்றும் வராது. பிள்ளையைப் பார்க்கவேண்டும். நான் பார்க்கப்போவதில்லை, நான் அந்த அறைக்குள்ளேயே வரமாட்டேன். எங்களில் மூத்தவர், கை நடுங்காதவர் ஒருவர் இருக்கிறார், அவர் பார்ப்பார். ஜூலை 24 காலை சிட்டுவுக்கு இடம் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னால் நம் சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூட்டி என்னைத் திட்டு, உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். உண்டு என்று சொன்னால் மூன்று வயதிலேயே பயிற்சி ஆரம்பிக்கலாம். இந்த வயதில் கிடைப்பது பின்னால் கிடைக்காது. உன்னை அவள் ஒருநாள் பார்த்தாளே, அதை ஒருநாளோடு விட்டுவிடாதே.

என்மேல் கோபத்தை வைத்துக்கொள். பிள்ளையைக் கூட்டிவா.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? சிட்டுவுக்கு மூன்று வயது முடிந்திருக்கும். அத்தை வாழ்த்தியதாகச் சொல்.

24-ம் தேதி நீ வரமாட்டாய் என்று தெரியும். இருந்தும் காலையில் அறையைத் தயார் பண்ணி வைத்திருந்தோம். மூத்தவர் கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு, மத்தியானம் வரை வேறு பிள்ளையைக் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சானின் பத்திரிகையில் வந்ததை நீ பார்த்திருப்பாய். "தபாலில் வரும் வியாதி" என்று தலைப்பு. பெயர் போடவில்லை. என் கையெழுத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள், அது போதும். அந்தக் கடிதங்கள் உன் வீட்டு அலமாரியில் இருந்தவை. எப்படிப் போயின என்று நான் கேட்கப்போவதில்லை.

குழு என்னைக் கூப்பிட்டது. நீண்ட மேசை, தண்ணீர் பாட்டில்கள், சத்தம் போடும் மின்விசிறி. நீதிபதி என் கடிதத்தை வாய்விட்டுப் படித்தார். டீ ஊற்றித் தருகிறாளா என்ற இடத்தில் நிறுத்தினார். சங்கத் தலைவர், "எங்க பேரன்கூட எனக்கு டீ ஊத்தித் தர்றதில்லம்மா. அவனுக்கும் ஒண்ணு எழுதிருவீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தட்டச்சு செய்த பெண்ணும் சிரித்தாள். நியாயமாகப் பார்த்தால் கேட்பதற்கு அது சிரிப்பாகத்தான் இருக்கிறது.

"அந்தக் குழந்தைக்கு இருக்குன்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றால் பார்க்காத பிள்ளைக்கு முத்திரை குத்தினவள். இல்லை என்றால் அது சிட்டுவின் பெயரில் பதிவாகிவிடும். "நான் பார்க்கல. பார்க்காம சொல்ல மாட்டேன்" என்றேன். "அப்புறம் கேள்வி மட்டும் எதுக்கும்மா?" என்றார் நீதிபதி. "அத்தைங்கிற முறையில" என்றேன். மறுபடி சிரித்தார்கள்.

இப்போது எனக்குப் பரிசோதனைப் பிரிவு இல்லை. கீழ்த்தளத்தில் கோப்பு அறை கொடுத்திருக்கிறார்கள். புது விதி ஒன்று வந்திருக்கிறது. ஐந்து வயது முடியாத பிள்ளைக்கு ஆட்டிசம் என்று எந்த மையமும் எழுதக்கூடாது. தனியார் டாக்டருக்கும் அதேதான். எழுதிக் கொடுக்காமல் பயிற்சி வகுப்பில் இடம் கிடையாது.

அத்தான் சுகம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னுடைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதவில்லை. நலமா?

நர்சரியில் செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். மணி அடித்தால் சிட்டு காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுகிறாளாம். இழுத்த டீச்சரைக் கடித்துவிட்டாள். நான் குனிந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் கோபப்படவில்லை. "சீக்கிரம் எங்கயாவது காட்டுங்க சார்" என்றார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

இங்கே இருக்கிற மையத்துக்குப் போனோம். இவள்தான், "போலாம்" என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பஸ்ஸில் வழி முழுக்கச் சிட்டுவை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஜன்னலில் இருந்த கிளார்க் வயதைக் கேட்டார். மூணு என்றேன். "அஞ்சு ஆகட்டும், வாங்க" என்றார். இப்பவே பாக்கணும் சார் என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன், எனக்கு என் சத்தம் தெரியாது. அவர் பொறுமையாகத் திரும்பி, பின்னால் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். "இதப் படிச்சீங்களா? ரெண்டு வயசுப் புள்ளைக்கு போஸ்ட்லயே பாத்திருக்காங்க. எவ்வளவு அநியாயம் நடந்திருக்கு பாருங்க. அதுக்குத்தான் ரூல் போட்டது. உங்க நல்லதுக்குத்தான் சார்."

உன் கையெழுத்து. "கூப்பிட்டால் திரும்புகிறாளா?" என்ற வரிக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை என் தோளில் இருந்தது. அப்படியே பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பி நடந்தோம்.

மச்சான் உன் கடிதங்களைக் கேட்டார், கொடுத்தேன். கோபத்தில் கொடுத்தேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படியில்லை. கோபம் ஆறி ஒரு வாரம் கழித்துத்தான் கொடுத்தேன்.

பிப்ரவரியில் நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். கூப்பிட்டால் திரும்புவதில்லை, அக்கா. விரல் நீட்டுவதில்லை. எதையும் கொண்டுவந்து காட்டியதில்லை. நான் வேலைக்குப் போனாலும் தெரிவதில்லை, வந்தாலும் தெரிவதில்லை.

ஏதாவது செய்ய முடியுமா? உனக்குத் தெரிந்தவர் யாராவது?

தம்பி

*

டிசம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அத்தானுக்கு இடது முழங்காலும் ஆரம்பித்துவிட்டது.

தெரிந்த எல்லோரையும் கேட்டேன். மூத்தவர் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒருவர் பார்க்கிறேன் என்றார், எழுதித் தரமாட்டேன் என்றார். எழுத்து இல்லாமல் வகுப்பில் ஏற்கமாட்டார்கள். இரண்டு வருஷம் காத்திருப்பதைத் தவிர வழி இருப்பதாகத் தெரியவில்லை. உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை.

நீயே செய்யலாம். புதுக் குமிழிப் புட்டி வாங்கு. எதையும் அவள் கையில் உடனே கொடுக்காதே, உன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு காத்திரு. நீளமாகப் பேசாதே. "தா", "போ", "இன்னும்" என்று ஒற்றை வார்த்தை போதும். மணிச் சத்தம் வரும் இடங்களுக்கு முன்கூட்டியே காதை மூடிக் கூட்டிப் போ. வகுப்பில் மூன்று பேர் நாள் முழுக்கச் செய்வதில் இது ஒரு துளி. இருந்தாலும் செய்.

எனக்கு இங்கே உறையில் போடும் வேலை. பழைய சர்டிபிகேட்களை மறுபரிசீலனைக்காகத் திரும்பப் பெறுகிறோம் என்று பெற்றோர்களுக்குக் கடிதம் போகிறது. அச்சடித்து வரும், நான் மடித்து ஒட்டவேண்டும். போன வாரம் ஒரு அம்மா அந்தக் கடிதத்தோடு பையனையும் கூட்டிக்கொண்டு கோப்பு அறைக்கே இறங்கி வந்துவிட்டாள். சர்டிபிகேட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "இத நான் திருப்பிக் குடுத்துட்டா இவன் பேசிருவானா மேடம்?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அலமாரியில் இருந்து நீ கொடுத்ததைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே.

உன் அக்கா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் இருக்கிறோம். உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

புட்டி வாங்கினேன். தினமும் உட்காருகிறேன், இவளும் உட்காருகிறாள். சிட்டு வளையத்தைப் பார்க்கிறாள். நிறுத்தினால் என் மணிக்கட்டைப் பிடித்து வளையத்தை வாய்க்குக் கொண்டுபோகிறாள். நாங்கள் காத்திருக்கிறோம். போன மே மாதம் பார்த்தது போல முகத்தைப் பார்க்கவில்லை. ஜூனில் புட்டியைக் குப்பையில் போடாமல் இருந்திருந்தால் எப்படியிருக்கும் என்று உன்னைக் கேட்கமாட்டேன். நீ பொய் சொல்லமாட்டாய்.

லிப்டில் அந்தப் பெண் குரலை எடுத்துவிட்டார்கள். தூக்கம் கெடுகிறது என்று கீழ்மாடிக்காரர்கள் புகார் செய்தார்களாம். இப்போது டிங் என்று ஒரு சத்தம் மட்டும். சிட்டு லிப்டுக்குள் நின்று கதவு மூடிய பிறகும் மேலே பார்த்துக்கொண்டே நிற்கிறாள். இறங்கவே மாட்டேன் என்கிறாள். லிப்ட் கம்பெனி ஆளைப் பிடித்து, ஒரே ஒரு நாளைக்காவது போட்டுக் குடுப்பா, வயர் வேலையெல்லாம் நானே பண்ணிடறேன் என்று கேட்டுப் பார்த்தேன். ஸ்பீக்கரையே கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள் என்றான். இப்போது வீட்டில் கதவைச் சாத்தினாலும் அவள் ஒன்றும் சொல்வதில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது.

நேற்று மச்சான் போன் பண்ணி, எனக்காக ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். முதல் பக்கத்தில் அவர் எழுதியதைப் படித்தேனா என்று கேட்கத்தான். படித்திருந்தேன். இந்த ஒரு வருஷத்தில் புதிதாக ஆட்டிசம் என்று எழுதப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிட்டதாம். குழுவுக்குப் பாராட்டு விழா. சங்கத் தலைவர் மாலையோடு சிரிக்கிறார். பின்னால் உங்கள் ஆபீஸ் கட்டிடம் தெரிகிறது, உன் கோப்பு அறை எந்தப் பக்கம் என்று தேடினேன்.

"பாத்தீங்களா மாப்ளே, பாதி! அப்போ மத்த பாதிக்கு ஒண்ணுமே இல்லைன்னுதான அர்த்தம்?" என்றார்.

அந்த மற்ற பாதியில் ஒருத்தி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு போனில், சரியாகக் கேட்கவில்லை மச்சான் என்று சொல்லி வைத்துவிட்டேன். எல்லாம் கேட்டது, அக்கா.

அத்தானுக்கு இரண்டாவது ஊசி போட்டாகிவிட்டதா? எழுது.

தம்பி